துக்கம் பகிரும் குழு: உங்கள் ஊரில் ஒன்றைத் தொடங்கி நடத்த முழுமையான வழிகாட்டி

நம் ஊர்களில் ஒரு சாவு நடந்தால் முதல் சில வாரங்களுக்கு ஆள் துணைக்குக் குறைவிருக்காது. சொந்தபந்தம் வந்து தங்கும், பக்கத்து வீட்டிலிருந்து சாப்பாடு வரும், துக்கம் விசாரிக்க யாராவது வந்துகொண்டே இருப்பார்கள். 16-ஆம் நாள் காரியம் முடியும். கிறிஸ்தவ வீடுகளில் 40-ஆம் நாள் ஜெபம் நடக்கும், பல முஸ்லிம் வீடுகளில் 40-ஆம் நாள் பாத்திஹா ஓதுவார்கள். அதோடு வீடு காலியாகிவிடும். பெரும்பாலானவர்களுக்குத் துக்கம் முழுதாக உறைப்பது அதற்கு அப்புறம்தான். ரேஷன் கார்டில் பெயர் நீக்கப் போகிற அன்று, இன்ஷூரன்ஸ் பேப்பரில் கையெழுத்துப் போடுகிற அன்று, சாப்பாட்டுக்கு ஒரு தட்டு கூடுதலாக எடுத்து வைத்துவிடுகிற அன்று. அந்த நேரத்தில் விசாரிக்க ஆள் இருக்காது. "இன்னுமா அதையே நினைச்சுக்கிட்டு இருக்கீங்க?" என்று கேட்கத்தான் ஆள் இருக்கும்.

இந்த வழிகாட்டி அந்த இடைவெளிக்காக. பிள்ளையை, துணையை, பெற்றவர்களை, உடன்பிறந்தவரை இழந்தவர்கள் சிலர் மாதத்தில் இரண்டு முறை கூடி, பிரார்த்தனையோடும் மௌனத்தோடும் தங்கள் துக்கத்தைப் பேசிக்கொள்ளும் சிறு குழுவை எப்படித் தொடங்குவது, எப்படிக் கெடாமல் நடத்துவது என்று சொல்கிறேன். இதற்கு உளவியல் பட்டம் தேவையில்லை, சாமியார் யாரும் தேவையில்லை. ஆனால் ஒரு விஷயத்தில் விடாப்பிடியாக இருக்க வேண்டும். இந்தக் குழுவின் வேலை கேட்பது. ஆறுதல், விளக்கம், புத்திமதி எல்லாம் வெளியே தாராளமாகக் கிடைக்கின்றன. அவற்றைக் கேட்டுக் கேட்டுக் களைத்தவர்கள்தான் இங்கே வருவார்கள்.

இது எங்கிருந்து வந்தது

ஒரே காயம் பட்டவர்கள் ஒருவரையொருவர் தாங்கிப் பிடிப்பது நமக்குப் புதிதில்லை. ஒப்பாரி வைக்கும் பெண்கள் வட்டமாக உட்கார்ந்து தோளோடு தோள் சேர்த்து அழுவதைக் கவனியுங்கள். இறந்தவருக்காகத் தொடங்கும் அழுகையில் ஒவ்வொருத்தியும் தன் தாயை, தன் பிள்ளையை, தன் பழைய இழப்பையும் சேர்த்து அழுதுவிடுவாள். யாரும் அதைத் தப்பாக எடுத்துக்கொள்வதில்லை. ஆண்களுக்கு அதுவும் இல்லை. வெளியே பந்தலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து பேப்பர் படிப்பதுதான் அவர்கள் பங்கு. இன்று நகரங்களில் ஒப்பாரியும் மறைந்துவிட்டதால் பெண்களுக்கும் இடமில்லாமல் போயிற்று.

இப்போது உலகம் முழுவதும் நடக்கும் குழுக்களின் வடிவம் இரண்டு இடங்களிலிருந்து வந்தது. 1935-இல் அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலத்தில் அக்ரன் நகரில், குடியிலிருந்து மீளத் தவித்த ஒரு பங்குத் தரகரும் ஓர் அறுவை மருத்துவரும் சந்தித்துப் பேசியதிலிருந்து ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் பிறந்தது. 1951-இல் குடிநோயாளிகளின் குடும்பத்தாருக்காக அல்-அனான் அமைப்பு உருவானது. தமிழ்நாட்டிலும் இவற்றின் கூட்டங்கள் நடக்கின்றன. பெயர் வெளியே போகாது, ஒருவர் பேசும்போது மற்றவர் குறுக்கிட மாட்டார், செலவை உறுப்பினர்களே ஏற்பார்கள் என்ற பழக்கங்களை நாம் அங்கிருந்து எடுத்துக்கொள்ளலாம்.

இன்னொன்று 1968-இல் இங்கிலாந்தின் கோவென்ட்ரி நகரில் நடந்தது. ஒரே மருத்துவமனையில் சில நாள் இடைவெளியில் இரண்டு சிறுவர்கள் இறந்தார்கள். அங்கே சேவை செய்த சைமன் ஸ்டீபன்ஸ் என்ற இளம் பாதிரியார், தன் வார்த்தைகளைவிட அந்த இரண்டு பெற்றோரும் ஒருவருக்கொருவர் கொடுத்துக்கொண்ட துணைதான் பெரிதாக உதவுகிறது என்று கண்டார். 1969-இல் பிள்ளையை இழந்த பெற்றோருக்கான 'கம்பாஷனேட் ஃபிரெண்ட்ஸ்' அமைப்பு அதிலிருந்து தொடங்கியது. பாதிரியார் ஒருவரே தள்ளி நின்று வழிவிட்டார் என்பதைக் குழு நடத்த வருகிற ஒவ்வொருவரும் மனதில் வைக்க வேண்டும்.

முதல் படி: யாருக்காக என்று முடிவு செய்யுங்கள்

"மனக்கஷ்டம் உள்ள எல்லாரும் வரலாம்" என்று அறிவித்தால் கடன் தொல்லை, மாமியார் சண்டை, வேலை போனது எல்லாம் ஒரே அறைக்கு வந்து சேரும். எல்லாம் வலிதான், ஆனால் ஒருவர் வலி இன்னொருவருக்குப் புரியாது. மரணத்தால் வந்த இழப்பு என்று வரம்பு போடுங்கள். ஊரில் ஆள் கிடைத்தால் பிள்ளையை இழந்த பெற்றோருக்குத் தனிக் குழு வைப்பது நல்லது. 80 வயது அப்பாவை இழந்தவர் பேசும்போது, 19 வயது மகனை இழந்த தாய் உள்ளுக்குள் ஒப்பிட்டுப் பார்ப்பாள். அவளைக் குறை சொல்ல முடியாது.

தற்கொலையில் ஒருவரை இழந்த குடும்பங்களின் சுமை வேறு மாதிரி. குற்ற உணர்வு, ஊர்ப் பேச்சு, போலீஸ் விசாரணை, "நீங்க கவனிக்கலையா" என்ற கேள்வி. அவர்களைப் பொதுக் குழுவில் சேர்க்கலாம், ஆனால் ஒருவர் மட்டும் தனியாக இல்லாமல் இருவராவது இருந்தால் பேச வாய் வரும்.

எவ்வளவு நாள் கழித்து வரலாம் என்று கேட்பார்கள். இதற்குக் கணக்கு கிடையாது. முதல் சில வாரங்கள் சடங்கிலும் அதிர்ச்சியிலும் போய்விடும் என்பதால் இரண்டு மூன்று மாதம் கழித்து வருபவர்களுக்குக் குழு அதிகம் உதவுகிறது. கணவரை இழந்த முஸ்லிம் பெண்கள் 4 மாதம் 10 நாள் இத்தாவில், அதாவது வெளியே அதிகம் போகாமல் துக்கம் காக்கும் காலத்தில், இருப்பார்கள். அவர்களை அழைக்கும்போது அதை மதித்து, முடிந்த பிறகு வரச் சொல்லுங்கள்.

இரண்டாம் படி: நடத்த இரண்டு பேர்

ஒருவர் மட்டும் நடத்தக் கூடாது. யாராவது தாங்க முடியாமல் வெளியே எழுந்து போனால், ஒருவர் பின்னால் போக வேண்டும், இன்னொருவர் அறையில் இருக்க வேண்டும். இருவரில் ஒருவராவது சொந்த இழப்பைச் சந்தித்தவராக இருக்கட்டும். ஆனால் அந்த இழப்புக்கு ஒரு வருடமாவது ஆகியிருக்க வேண்டும். காயம் பச்சையாக இருப்பவர் குழு நடத்த வந்தால் தன் கதையையே சொல்லிக்கொண்டிருப்பார்.

நன்றாகப் பேசுகிறவர்தான் பொருத்தமானவர் என்று நினைத்துவிடாதீர்கள். சொற்பொழிவு செய்து பழகியவர்களை நான் தவிர்ப்பேன். அரை நிமிடம் அமைதி விழுந்தால் பதறாமல் உட்கார்ந்திருக்கத் தெரிந்தவரைத் தேடுங்கள். ஓய்வு பெற்ற நர்ஸ், ஆசிரியர், கோயில் அன்னதானத்தில் சத்தமில்லாமல் வேலை பார்க்கும் அக்கா என்று இப்படிப்பட்டவர்கள் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள்.

மூன்றாம் படி: இடமும் நேரமும்

ஆறிலிருந்து பத்துப் பேர் போதும். பத்தைத் தாண்டினால் எல்லாருக்கும் பேச நேரம் கிடைக்காது. ஒன்றரை மணி நேரம், இரண்டு வாரத்துக்கு ஒருமுறை, எப்போதும் ஒரே கிழமை, ஒரே நேரம். வெளியூரிலிருந்து வருபவர்களின் கடைசி பஸ்ஸைக் கேட்டு நேரத்தை முடிவு செய்யுங்கள். ஞாயிறு காலையில் கிறிஸ்தவர்களுக்கும் வெள்ளி மதியம் முஸ்லிம்களுக்கும் வர முடியாது. செவ்வாய், வெள்ளியில் துக்கம் பேசக் கூடாது என்று நினைக்கும் வீடுகளும் உண்டு. சனிக்கிழமை மாலை பெரும்பாலும் எல்லாருக்கும் சரிப்படும்.

கலப்புக் குழுவாக இருந்தால் பள்ளிக்கூட வகுப்பறை, நூலக அறை போன்ற பொது இடம் நல்லது. கோயில் மண்டபம், சர்ச் ஹால், பள்ளிவாசல் கூடம் இவற்றில் நடத்தினால் மற்றவர்கள் வாசலோடு நின்றுவிடுவார்கள். எதிரே கல்யாண மண்டபம் இல்லாத இடமா என்று பாருங்கள். சமீபத்தில் மகளை இழந்தவர் நாதஸ்வரச் சத்தத்துக்கு நடுவே உட்கார முடியாது. தரையில் பாய் விரிப்பதைவிட நாற்காலி போடுங்கள், வயதானவர்கள் எழுந்து உட்காரச் சிரமப்படாமல் இருக்கும். வட்டமாகப் போடுங்கள். நடத்துபவருக்கு என்று தனி மேஜை, மைக் எதுவும் வேண்டாம்.

நான்காம் படி: ஆன்மிகத்துக்கு எந்த இடம்

இதுதான் கஷ்டமான பகுதி.

சாவு வீட்டில் சொல்லப்படும் பல வார்த்தைகளுக்கு ஆன்மிக நிறம் இருக்கும். "எல்லாம் விதி." "போன ஜென்மத்துக் கர்மா." "நல்லவங்களைத்தான் கடவுள் சீக்கிரம் கூப்பிட்டுக்குவார்." "கர்த்தர் உங்களைச் சோதிக்கிறார்." "அழுதா ஆத்மா சாந்தியடையாது." சொல்பவர் கெட்ட எண்ணத்தில் சொல்வதில்லை. ஆனால் கேட்பவருக்கு ஒவ்வொன்றும் வாயை அடைக்கும் கை. நான்கு வயதுக் குழந்தையைப் புற்றுநோயில் பறிகொடுத்தவரிடம் கர்மா பேசினால், குழந்தை செய்த பாவம் என்ன, நான் செய்த பாவம் என்ன என்று அவர் இரவெல்லாம் தேடிக்கொண்டிருப்பார்.

விவிலியத்தில் யோபுவின் கதை இதைத் தெளிவாகக் காட்டுகிறது. பிள்ளைகளையும் சொத்தையும் இழந்து சாம்பலில் உட்கார்ந்திருந்தவரைப் பார்க்க மூன்று நண்பர்கள் வருகிறார்கள். அவர் துயரம் மிகப் பெரியது என்று கண்டு ஏழு பகலும் ஏழு இரவும் ஒரு வார்த்தை பேசாமல் கூடவே தரையில் உட்கார்ந்திருக்கிறார்கள். அதுவரை அவர்கள் நல்ல நண்பர்கள். பிறகு வாய் திறந்து காரணம் சொல்லத் தொடங்குகிறார்கள். நீ ஏதோ தப்பு செய்திருப்பாய் என்கிறார்கள். கடைசியில் கடவுள் கோபப்படுவது அவர்கள் மேல்தான், புலம்பிய யோபு மேல் இல்லை.

நம் மரபுகளும் வலியை ஒளிக்கச் சொல்லவில்லை. சூலை நோயில் துடித்த திருநாவுக்கரசர் திருவதிகையில் பாடிய முதல் பதிகம், இந்த வலியை விலக்க மாட்டீரா என்று சிவனிடமே முறையிடுவது. குர்ஆனில் யஃகூப் நபி, காணாமல் போன மகன் யூசுஃபை நினைத்து அழுது கண்கள் வெளுத்துப்போகிறார். என் துக்கத்தை அல்லாஹ்விடமே முறையிடுகிறேன் என்கிறார். ஒரே மதத்தவர் குழுவாக இருந்தால் இப்படிப்பட்ட பகுதியைத் தேர்ந்தெடுத்துத் தொடக்கத்தில் நிதானமாக வாசியுங்கள். வாசித்துவிட்டு விளக்கம் சொல்லாதீர்கள். உடனே "எல்லாம் நன்மைக்கே" என்று முடியும் பகுதிகளை முதல் சில கூட்டங்களில் தொடவே வேண்டாம்.

கலப்புக் குழுவில் பொதுப் பிரார்த்தனை எழுதி வைத்துக்கொள்ளலாம் என்று தோன்றும். என் அனுபவத்தில் அது எல்லாருக்கும் பாதிப் பிரார்த்தனையாகத்தான் இருக்கும். அதற்குப் பதில் மூன்று நிமிட மௌனம் வையுங்கள். ஒருவர் திருவாசகம் நினைப்பார், ஒருவர் துஆ கேட்பார், ஒருவர் மூச்சை மட்டும் கவனிப்பார். கடவுள் நம்பிக்கை இல்லாதவரும் அந்த மௌனத்தில் உட்கார முடியும். ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸின் 12 படிகளில் 'நாங்கள் புரிந்துகொண்ட கடவுள்' என்ற பொருளில் ஒரு சொற்றொடர் சேர்க்கப்பட்டது இந்தக் கதவைத் திறந்து வைக்கத்தான்.

கடவுள் மேல் கோபமாக வருபவர்களுக்கு இடம் கொடுங்கள். "சாமி போட்டோவை எல்லாம் எடுத்துப் பரணில் போட்டுட்டேன்" என்று ஒருவர் சொன்னால், மறுபடி எடுத்து மாட்டச் சொல்லும் உரிமை அங்கே யாருக்கும் இல்லை.

ஐந்தாம் படி: ஒவ்வொரு முறையும் வாசிக்க வேண்டிய விதிகள்

பழைய ஆட்களுக்கு மனப்பாடமானாலும் ஒவ்வொரு கூட்டத்திலும் உரக்க வாசியுங்கள். இப்படி எழுதிக்கொள்ளலாம்:

"இங்கே கேட்டதை வெளியே சொல்ல மாட்டோம். வீட்டிலும் சொல்ல மாட்டோம். ஒருவர் பேசும்போது குறுக்கிட மாட்டோம். கேட்காமல் யாருக்கும் யோசனை சொல்ல மாட்டோம். யாருடைய இழப்பையும் எடை போட மாட்டோம். பேச விருப்பம் இல்லாதவர் 'நான் கேட்கிறேன்' என்று சொன்னால் போதும். அழலாம். வெளியே போய்விட்டு வரலாம். யாரையும் மதம் மாற்றவோ, ஜோசியம், பரிகாரம், மருந்து, பாலிசி விற்கவோ இந்த இடம் இல்லை. ஒருவரால் அவர் உயிருக்கோ இன்னொருவர் உயிருக்கோ ஆபத்து என்று தெரியவந்தால் மட்டும், நடத்துபவர்கள் அதை வெளியே சொல்லி உதவி தேடுவார்கள்."

கடைசி வரியை விட்டுவிடாதீர்கள். ரகசியத்துக்கு இந்த ஒரு விலக்கு உண்டு என்று முன்கூட்டியே தெரிந்திருக்க வேண்டும்.

ஆறாம் படி: கூட்டம் நடக்கும் விதம்

முதல் பத்து நிமிடம் வருபவர்களுக்குத் தண்ணீர் கொடுத்து உட்கார வைப்பதில் போகும். புதிதாக வருபவர் வாசலிலேயே தயங்குவார். ஒருவர் வெளியே நின்று கூட்டி வரட்டும். பிறகு விதிகள், வாசிப்பு அல்லது மௌனம். அடுத்து ஒவ்வொருவரும் தன் பெயரையும் இழந்தவர் பெயரையும் சொல்வார்கள். இறந்தவரின் பெயரைச் சொல்வது முக்கியம். வீட்டில் அந்தப் பெயரை எல்லாரும் தவிர்ப்பதால், மாதக்கணக்காக உரக்கச் சொல்லாமல் இருப்பவர்கள் உண்டு.

அப்புறம் பகிர்தல். ஆளுக்கு ஐந்து நிமிடம், தேவைப்பட்டால் எட்டு. ஒருவர் முடித்ததும் "நன்றி அக்கா", "நன்றி ஐயா" என்று மட்டும் சொல்லிவிட்டு, பத்து விநாடி விட்டு அடுத்தவரிடம் போங்கள். பதில் சொல்லத் துடிப்பு வரும். அடக்கிக்கொள்ளுங்கள்.

ஒரு கூட்டத்தில் பார்த்தது. விபத்தில் மகனை இழந்த அம்மா ஒருவர் அவனுடைய காலேஜ் ஐடி கார்டைக் கொண்டுவந்திருந்தார். கயிற்றை விரலில் சுற்றிச் சுற்றி அவிழ்த்தபடி பேசிக்கொண்டிருந்தவர் பாதியில் உடைந்து அழுதார். பக்கத்திலிருந்தவர் அவசரமாக டிஷ்யூ எடுத்து நீட்டினார். அம்மா சட்டென்று கண்ணைத் துடைத்து, "சாரிங்க" என்று பேச்சை நிறுத்திவிட்டார். நீட்டியவர் அன்பால்தான் செய்தார், ஆனால் போதும் நிறுத்து என்று சொன்ன மாதிரி ஆகிவிட்டது. அதனால் டிஷ்யூவை நடுவில் ஒரு ஸ்டூலில் வைத்துவிடுங்கள். வேண்டியவர் எடுத்துக்கொள்வார். தொடுவதும் அப்படித்தான். கையைப் பிடிக்கட்டுமா என்று கேட்டுவிட்டுப் பிடியுங்கள்.

கடைசிப் பதினைந்து நிமிடத்தில் கனத்தைக் குறைத்து அனுப்ப வேண்டும். "இன்னைக்கு வீட்டுக்குப் போய் என்ன செய்யப்போறீங்க?" என்று சுற்றி வரக் கேளுங்கள். இட்லிக்கு மாவு அரைக்கணும், பேத்திக்கு ஹோம்வொர்க் சொல்லித் தரணும் என்று சாதாரண பதில்கள் வரும். பிறகு ஒரு நிமிட மௌனம், டீ. டீக்கு இருபது நிமிடம் விடுங்கள். வட்டத்தில் வாய் திறக்காதவர் டம்ளரைக் கையில் பிடித்தபடி பக்கத்திலிருப்பவரிடம் எல்லாம் சொல்லிவிடுவார்.

சிக்கலான நேரங்கள்

ஒருவரே நேரத்தை எல்லாம் எடுத்துக்கொண்டால், "அக்கா, கொஞ்சம் இருங்க, தம்பியும் பேசட்டும், மறுபடி உங்ககிட்ட வர்றேன்" என்று தன்மையாக நிறுத்துங்கள். சொன்னபடி திரும்பி வாருங்கள். யாராவது உபதேசம் தொடங்கினால், "ஐயா, உங்களுக்கு எப்படி இருந்துச்சுன்னு சொல்லுங்க" என்று அவர் கதைக்குத் திருப்புங்கள். இரண்டு மூன்று முறை சொல்லியும் கேட்காதவரைத் தனியாக அழைத்துப் பேசி, இந்தக் குழு அவருக்குச் சரிப்படாது என்று சொல்லிவிட வேண்டியதுதான்.

கணவன் மனைவி சேர்ந்து வந்தால் பக்கத்துப் பக்கத்திலோ எதிரெதிரேயோ உட்கார வைக்காமல் சற்றுத் தள்ளி வையுங்கள். ஒருவர் முகத்தைப் பார்த்தே மற்றவர் வார்த்தையை விழுங்குவதும், ஒருவருக்காக மற்றவர் பேசிவிடுவதும் குறையும். இறந்தவரோடு பேச வைக்கிறேன் என்று சொல்லி யாராவது வந்தால் வாசலோடு அனுப்பிவிடுங்கள். துக்கத்தில் இருப்பவர் எவ்வளவு பணம் கேட்டாலும் கொடுத்துவிடுவார்.

வாட்ஸ்அப் குழு வைத்தால் கூட்ட நேரம் சொல்ல மட்டும் வையுங்கள். குட்மார்னிங் படம், தத்துவம், ஃபார்வர்டு எல்லாம் வரத் தொடங்கினால் இரவு இரண்டு மணிக்கு ஒருவர் எழுதும் நிஜமான வரி அதில் அமுங்கிப்போகும்.

குழு போதாத நேரம்

"அவரோட போயிடலாம்னு தோணுது" என்று யாராவது சொன்னால் பேச்சை மாற்றாதீர்கள். கூட்டம் முடிந்ததும் தனியாக உட்கார்ந்து, "தற்கொலை செஞ்சுக்கணும்னு தோணுதா? எப்படின்னு யோசிச்சீங்களா?" என்று நேராகவே கேளுங்கள். கேட்டால் எண்ணத்தைத் தூண்டிவிடுவோமோ என்ற பயம் வேண்டாம். கேட்பதால் ஆபத்து கூடாது, பேச வழி கிடைக்கும். வீட்டில் பூச்சிமருந்து, மாத்திரை இருந்தால் வேறு இடத்துக்கு மாற்றக் குடும்பத்தில் ஒருவரிடம் சொல்லுங்கள். அன்று இரவு அவரைத் தனியாக விடக் கூடாது. 2022 அக்டோபரில் தொடங்கப்பட்ட, இந்திய அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸ் 14416, இலவசமாக, தமிழிலும், 24 மணி நேரமும் கிடைக்கும். சென்னையில் 1986 முதல் சிநேகா அமைப்பு இதே பணியைச் செய்கிறது. இலங்கையில் இருப்பவர்கள் தேசிய மனநல உதவி எண் 1926-ஐ அழைக்கலாம். நீங்களே பக்கத்தில் உட்கார்ந்து எண்ணைப் போட்டுக் கொடுங்கள். "போன் பண்ணுங்க" என்று சொல்லி அனுப்பினால் பண்ண மாட்டார்கள்.

அவசரம் இல்லாத, ஆனால் கவனிக்க வேண்டிய நிலையும் உண்டு. உலகச் சுகாதார நிறுவனம் 2022 முதல் நடைமுறைக்குக் கொண்டுவந்த நோய்ப் பட்டியலில் நீடித்த துக்கம் ஒரு தனி நிலையாக இடம்பெற்றிருக்கிறது. ஆறு மாதத்துக்கு மேலாகியும், அந்தச் சமூகத்தின் வழக்கத்தையும் மீறி, தீவிர ஏக்கம் விடாமல் அன்றாட வாழ்க்கையை முடக்கிப்போட்டால் அதற்குச் சிகிச்சை தேவை என்கிறது. அமெரிக்க மனநல மருத்துவர்களின் வரையறை பெரியவர்களுக்கு ஒரு வருடம் என்று வைக்கிறது. வருடங்கள் கழித்தும் நினைத்து அழுவது நோய் இல்லை. குளிக்க, சாப்பிட, வெளியே போக முடியாமல் இருப்பவரை அரசு மருத்துவமனை மனநலப் பிரிவுக்குக் கூட்டிப் போங்கள். அவர் குழுவுக்கும் தொடர்ந்து வரலாம்.

பணம்

டீ, வாடகை, டிஷ்யூ தவிரச் செலவு இல்லை. மூலையில் ஒரு டப்பா வையுங்கள், முடிந்தவர் முடிந்ததைப் போடட்டும், யார் எவ்வளவு என்று யாரும் பார்க்க வேண்டாம். வெளியார் நன்கொடை வாங்காதீர்கள். கொடுத்தவர் ஒரு நாள் பேனர் கட்டி போட்டோ எடுக்க வருவார்.

நாள்காட்டி

ஒரு நோட்டில் ஒவ்வொருவருடைய இழப்பின் தேதி, இறந்தவரின் பிறந்தநாள் இரண்டையும் குறித்துக்கொள்ளுங்கள். திதி பார்க்கும் வீடுகளில் வருஷாப்திகம், அதாவது வருடத் திவசம், ஆங்கிலத் தேதியில் வராது, அதையும் கேட்டு எழுதுங்கள். அந்த நாளுக்கு முந்தைய வாரம்தான் அன்றைய நாளைவிட மோசமாக இருக்கும் என்று பலர் சொல்வார்கள். அந்த வாரம் ஒரு போன் போடுங்கள். ஆடி அமாவாசை, மகாளய அமாவாசை, நவம்பர் 2 கல்லறைத் திருநாள் ஆகியவற்றை ஒட்டிய கூட்டங்களில் பேச்சு தானாகவே வரும். தீபாவளி, பொங்கல், கிறிஸ்துமஸ், ரம்ஜானை ஒட்டிக் கூட்டத்தை ரத்து செய்யாதீர்கள். ஊரே புதுத்துணி எடுக்கும் வாரத்தில்தான் இவர்களுக்குப் போக இடம் வேண்டும்.

முடிப்பதும் தொடர்வதும்

புதிதாகத் தொடங்குபவர்கள் எட்டுக் கூட்டம் கொண்ட ஒரு சுற்றாக வைத்துக்கொள்வது நல்லது. அதே ஆட்கள், நடுவில் புதியவர் சேர்க்கை இல்லை. நம்பிக்கை சீக்கிரம் வளரும், நடத்துபவர்களும் களைக்க மாட்டார்கள். எட்டாவது கூட்டத்துக்கு முன்பே, ஆறாவதில், இது முடியப்போகிறது என்று சொல்லுங்கள். இன்னொரு பிரிவு திடீரென்று வந்து நிற்கக் கூடாது. முடிந்த பிறகு விரும்புபவர்கள் மாதம் ஒருமுறை திறந்த கூட்டமாகத் தொடரலாம். அதற்குப் புதியவர்கள் எப்போது வேண்டுமானாலும் வரலாம்.

நடத்தும் இருவரும் ஒவ்வொரு கூட்டம் முடிந்ததும் கால் மணி நேரம் தனியாக உட்கார்ந்து, எது தங்களைத் தாக்கியது என்று ஒருவருக்கொருவர் சொல்லிவிட்டு வீட்டுக்குப் போங்கள். வருடத்துக்கு ஒருமுறை இருவரில் ஒருவராவது விலகி, குழுவில் வந்து தேறிய ஒருவருக்கு இடம் கொடுக்கட்டும். அவர் முதல் மூன்று கூட்டங்களில் விதிகளை மட்டும் வாசிக்கட்டும், நான்காவதிலிருந்து நேரத்தைப் பார்த்துக்கொள்ளட்டும், அதன் பிறகு தேதி எழுதிய நோட்டை அவரிடம் கொடுத்துவிடலாம்.